நெல்லுக்குள் ஓடும் மணிக்கூடு

மட்டக்களப்பில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட வராது. ஆனாலும் நம்முடைய பழைய நெல்லினங்கள் சில அந்தச் சின்ன வித்தியாசத்தை அளந்துதான் கதிர் விடும், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் எவ்வளவு பாய்ந்தாலும் சரி, பகல் குறுகும்வரை காத்திருக்கும். எனக்கு இது இன்னும் பெரிய ஆச்சரியம்தான்.

அளப்பது செடிக்குள் ஓடும் மணிக்கூடு. அதன் பாகங்கள் மரபணுக்கள். அரபிடொப்சிஸ் என்ற சிறு செடிக்குள் மின்மினியை ஒளிரவைக்கும் மரபணுவை மணிக்கூட்டின் தாளத்துக்கு ஒளிரும்படி புகுத்தி, தாளம் தப்பி ஒளிரும் நாற்றுகளைத் தேடியபோதுதான் டொக்1 என்ற விகாரம், அதாவது மரபணு மாற்றம், அகப்பட்டது, அது 1995இல் வெளியானது. ஒரேயொரு மரபணு மாறியதால் கிட்டத்தட்ட 24 மணித்தியாலச் சுற்று 21 ஆகச் சுருங்கிவிட்டது! அப்புறம் 2005இல் இன்னொரு ஆய்வு: உள் மணிக்கூடும் வெளிப் பகலிரவும் பொருந்தாத செடிகளில் பச்சையமும் குறைவு, வளர்ச்சியும் குறைவு.

நெல்லில் எச்டி1 என்ற மரபணு இந்த மணிக்கூட்டின் சொல் கேட்டுத்தான் பூக்கும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. விகாரத்தால் அது செயலிழந்த இனங்களுக்குப் பகலின் நீளம் முன்போலப் பெரிதில்லை. பகல் நீளும் சிறுபோகத்துக்கு அப்படிப்பட்ட நெல்தான் தோது, ஆனால் நாள் பார்த்துப் பூக்கும் பழைய விதைகளையும் யாராவது வைத்திருக்க வேண்டும், அம்பாறைப் பக்கம் வைத்திருப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.