கிணற்றில் உப்பு

"கிணத்துல உப்பு கேறிட்டா மக்கா?"

காலையில் குமரி மாவட்டக் கடற்கரை ஊரான கொட்டில்பாட்டில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் கேட்டார். வாளித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

2004 சுனாமி அடித்த கரை இது.

அமெரிக்க ராணுவத்தில் பொதுமக்களோடு வேலை செய்யும் சிவில் விவகாரப் பிரிவுகளுக்குத் தகவல் அலசித் தரும் உளவு ஆய்வாளரும் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இப்படிப்பட்ட விஷயங்களைத்தான் தேட வேண்டும். எதிரி எங்கே என்பது மட்டும் போதாது. இடம், கட்டுமானம், திறன், அமைப்பு, மக்கள், நிகழ்வு என்று ஆறு பார்வை வைத்திருக்கிறார்கள். சந்தை என்றைக்கு? யார் சொன்னால் ஊர் கேட்கும்?

எனக்கு இதில் மக்கள்தான் முதலில்.

வரைபடத்தில் கிணறு வெறும் புள்ளி. அதன் ருசி தண்ணீர் இறைக்கும் அக்காவுக்குத்தான் தெரியும்.

அண்ணன் அந்த அக்காவிடம்தான் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.