மீன்குஞ்சுகளின் எதிர்ப்புச் சக்தி

மேலூர்ப் பக்கம் உள்ள எங்கள் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு குஞ்சுகளை விடும்போது, ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையை முதலில் தண்ணீரில் மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமான பிறகே பிரிக்கிறேன். ஏனெனில் அதிர்ச்சியில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். முட்டையிலிருந்து பொரிந்த முதல் சில வாரங்களில், ஒரு கிருமியை நினைவில் வைத்து எதிர்க்கும் திறன் குஞ்சுகளுக்கு முதிர்ந்திருப்பதில்லை. உடலைப் போர்த்திய வழவழப்பான கோழையும் பிறவியிலேயே அமைந்த தற்காப்பும்தான் துணை. அந்தக் கோழை உரியும்படி வலையில் அள்ளிக் கொட்டுவதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுக்கப்படும் பீட்டா குளுக்கன் இந்தத் தற்காப்பைத் தூண்டும் என்றாலும், இடைவிடாமல் கொடுத்தால் பலன் மங்கக்கூடும். எதிர்ப்புச் சக்திக்குத் தேவையான வைட்டமின் சி-யைப் பெரும்பாலான மீன்களால் உடலில் தயாரித்துக்கொள்ள இயலாது. மதுரை வெயிலில் தகரக் கொட்டகையில் அடுக்கிய தீவனத்தில் அது விரைவில் சிதைந்துவிடும் என்பதால், கடைக்காரர் முகம் சுளித்தாலும் தயாரிப்புத் தேதியைப் பார்த்தே மூட்டையை வாங்குகிறேன்.