மேல் ஆர்மை ஒரு இன்ச் இறக்கினேன்: 66 மஸ்டாங் டிராக்குக்குப் போன கதை

முதல் டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) முடிந்து வீடு வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தது இடது முன் டயரைத்தான். வெளி ஓரம் தேங்காய்த் துருவல் மாதிரி பிய்ந்து கிடந்தது. உள் ஓரத்தில் புது டயரின் ரப்பர் முடிகூட உதிரவில்லை. மிச்சிகனின் ஜிஞ்சர்மேன் டிராக்கில் வண்டி கடிகாரச் சுற்றில் ஓடும். வலது திருப்பங்கள் அதிகம், அதனால் பாரம் இடது முன் சக்கரத்தில்தான் விழும். இது தெரிந்த விஷயம். ஆனால் அத்தனை அகல டயரில் ஓரத்து இரண்டு இன்ச் மட்டும் தரையைப் பிடிக்கிறது என்றால் கோளாறு டயரில் இல்லை, சஸ்பென்ஷன் அமைப்பிலேயே இருக்கிறது.

வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே. 289 கன இன்ச் வி8, 4 ஸ்பீடு கியர். மஸ்டாங்கை மஸில் கார் (பெரிய எஞ்சின் திணித்த வண்டி) என்று சொன்னால் 'அது போனி கார் (அதைவிடச் சின்ன, ஸ்போர்ட்டியான வண்டி)' என்று திருத்துபவர்கள் உண்டு, அவர்கள் சொல்வது சரிதான். எனக்கு முக்கியமானது வேறு. அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத் தொடர் தொடங்கிய 1966-லும் அடுத்த ஆண்டிலும் ஃபோர்டுக்குப் பட்டம் வாங்கித் தந்தது மஸ்டாங்தான். அந்தக் காலத்துப் பட்டறைகளில் கையால் என்னென்ன செய்தார்களோ, அதையே செய்து பார்க்க ஆசை. அதனால் புது எஞ்சின் மாற்றும் யோசனையை முதல் நாளே விட்டுவிட்டேன். இரண்டு பேரல் கார்புரேட்டரை எடுத்துவிட்டு 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று) ஹோலி நான்கு பேரல் போட்டேன். எஞ்சினில் செய்த பெரிய மாற்றம் அவ்வளவுதான்.

முதல் குளிர்காலம் முழுவதையும் துரு தின்றது. இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். இந்த மாடலுக்கென்றே ஒரு தனி வியாதியும் உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் பெட்டி ஒன்று இருக்கும், அதன் பெயர் கௌல். இலைதழையும் ஈரமும் உள்ளே தங்கி அடித்தகடு ஓட்டையாகிவிடும், மழை பெய்தால் ஓட்டுபவர் காலில் சொட்டும். அதைக் கழற்ற ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுக்க வேண்டும். எண்பதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தரைத் தகடும் புதுசு. முன் பின் சட்டங்களை இணைக்க அடியில் சப்ஃபிரேம் கனெக்டர் வைத்து வெல்டிங் செய்தபின், ஒரு மூலையில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினாலும் கதவு சிக்காமல் திறந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை இங்கே எழுதிக் காட்ட முடியாது.

அடுத்தது எக்ஸ்போர்ட் பிரேஸ். முன் ஸ்பிரிங் உட்காரும் ஷாக் டவர் இரண்டையும் ஃபயர்வாலோடு பிணைக்கும் ஒற்றைத் துண்டு இது. மோசமான ரோடுகளுள்ள நாடுகளுக்கு அனுப்பிய வண்டிகளில் போட்டதால் அந்தப் பெயர். எனக்கு வந்ததில் போல்ட் ஓட்டைகள் கால் இன்ச் பொருந்தவில்லை. முதலில் பிரேஸ்தான் தப்பு என்று நினைத்தேன். அளந்து பார்த்ததில், அறுபது வருஷ பாரத்தில் டவர்கள்தான் உள்ளே சாய்ந்திருந்தன. நடுவில் ஹைட்ராலிக் ஜாக்கி கொடுத்து, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நிறுத்தி அளந்து, மெதுவாக விரித்தேன். போல்ட் கையாலேயே இறங்கியது.

பாதுகாப்பு விஷயத்தில் யாரும் குறுக்குவழி போகவேண்டாம். 66 மஸ்டாங்கின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. எங்காவது ஒரு குழாய் விட்டால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. இரட்டைச் சுற்றுக்கு மாற்றினேன், முன்னால் டிரம்மை எடுத்துவிட்டு நான்கு பிஸ்டன் டிஸ்க் போட்டேன். ஸ்டியரிங் தண்டு முன்னாலுள்ள ஸ்டியரிங் கியர்பாக்ஸிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஒரே இரும்புக் கம்பி. முன்பக்கம் மோதினால் அது ஈட்டிதான், அதனால் மடங்கும் தண்டு வைத்தேன். பெட்ரோல் டேங்க்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே அட்டையைத் தவிர எதுவும் கிடையாது. இரும்புத் தகடு வெட்டி அந்த இடத்தை அடைத்த பிறகுதான் வண்டி உருண்டால் தலையைக் காக்கும் ரோல் பாருக்கும் பெல்ட்டுக்கும் போனேன்.

இவ்வளவும் முடித்துப் போன முதல் நாளில்தான் அந்த டயர் கதை. ஒரு சுற்றுக்கு நேரம் 2:04 (இரண்டு நிமிடம் நாலு வினாடி). நாலாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பழைய டப்பாவில் மிச்சமிருந்ததை ஊற்றியது என் தவறு, திறந்து வைத்த பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் ஊற்றி, குழாயிலிருந்த ஏர் எடுத்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

டயருக்கான மருந்து 1965-லேயே இருக்கிறது. ஃபோர்டு எஞ்சினியர் கிளாஸ் ஆர்னிங் கண்டுபிடித்தது, மஸ்டாங்கின் பந்தய வடிவமான ஷெல்பி ஜிடி350-ல் போட்டது. சக்கரத்தை மேல்பக்கத்தில் பிடித்திருக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மின் உள்முனையை டவரில் ஒரு இன்ச் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பெனி அமைப்பில் திருப்பத்தில் பாடி சாயும்போது வெளிச்சக்கரத்தின் தலையும் கூடவே வெளியே சாய்ந்துவிடும், டயர் ஓரத்தில் நிற்கும். உள்முனை கீழே போனால், சக்கரம் மேலே ஏற ஏற ஆர்ம் அதன் தலையை உள்ளே இழுக்கும், டயர் தட்டையாக உட்காரும். ரோல் சென்டரும் (பாடி சாயும் அச்சுப்புள்ளி) உயரும், அதனால் சாய்வும் குறையும். இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு ஓட்டை. ஜிடி350 1965, 66, 67 மூன்று ஆண்டும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கமான எஸ்சிசிஏவின் பி-புரொடக்ஷன் பிரிவுப் பட்டம் வாங்கியதில் இந்த ஓட்டைகளுக்கும் பங்கு இருக்கிறது.

வேலையில் ஆபத்தான கட்டம் ஸ்பிரிங்கைக் கழற்றுவது. மஸ்டாங்கில் காயில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும். அமுக்கிய நிலையில் நழுவினால் ஆளையே கொன்றுவிடும். இதற்கென்று உள்ள கம்பிரஸரை வாடகைக்கு எடுத்தேன், முகத்தை ஒருபோதும் ஸ்பிரிங்குக்கு நேரே வைக்கவில்லை. பிறகு டெம்ப்ளேட் வைத்துக் குறித்து, சென்டர் பஞ்ச் அடித்து, அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கோயம்புத்தூரில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர்.

"ஒரே பிட்டுல போட்டுறாத கண்ணு. மொதல்ல நூல் ஓட்டை போடு, அப்புறம் ரெண்டு மூணு தடவையா பெருசாக்கு. எண்ணெய் விட்டுட்டே போடோணும்."

"டவர் ரெண்டு தகடுங்கப்பா. உள்தகடு நகராதுங்களா?"

"பழைய ஓட்டைல போல்ட்டு ஒண்ண மாட்டி இறுக்கிட்டுப் போடு. நகந்தாத்தான் கேளு."

அப்படியே செய்தேன். எட்டில் ஒரு இன்ச் பிட்டில் தொடங்கி 17/32 இன்ச் வரை. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, ஓட்டை அரை மில்லிகூட விலகவில்லை. வண்டியின் முன்பக்கமும் அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கி நின்றது, பார்க்கவே அழகு. ஆர்முக்கும் டவருக்கும் நடுவே உள்ள மெல்லிய தகடுகளான ஷிம்களைக் குறைத்துக் கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மைனஸ் ஒன்றரை டிகிரி, காஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) பிளஸ் மூன்றரை வைத்தேன். பழைய மேனுவலில் உள்ள அலைன்மென்ட் எண்கள் அந்தக் காலத்து பயஸ் டயருக்கானவை (உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கே ஓடும் டயர்). இன்றைய ரேடியலுக்கு அதைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது முறை போனபோது அதே டயர், அதே எஞ்சின். இரண்டாவது சுற்றிலேயே வித்தியாசம் கையில் தெரிந்தது. முன்பு திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டு வண்டி திரும்பட்டும் என்று காத்திருப்பேன். இப்போது கை போன கணமே மூக்கும் போனது. நேரம் 1:58. ஒரே கவலை, நீண்ட வலது திருப்பத்தில் ஆயில் பிரஷர் முள் சட்டென்று சரிந்தது. ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். பேரிங் போனால் எஞ்சினே போச்சு, ஆகவே மதியத்தோடு நிறுத்தி வண்டியை டிரெய்லரில் ஏற்றினேன். உள்ளே தடுப்புள்ள 7 குவார்ட் ஆயில் பேன் மாட்டாமல் மறுபடி இறக்கப்போவதில்லை.

இரவு அப்பாவுக்கு நான்கு டயரின் படத்தையும் அனுப்பினேன். இடது முன் டயர் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சாம்பல் நிறத்தில் தேய்ந்திருந்தது. அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"வலது பின் டயரு மட்டும் ஏங்கண்ணு வழுவழுன்னு கருகிக் கெடக்குது?"

திருப்பத்தை விட்டு வெளியே வரும்போது உள்சக்கரம் பாரமில்லாமல் சும்மா சுற்றியிருக்கிறது. டிஃபரன்ஷியல் இன்னும் கம்பெனி போட்டதுதான். உள்சக்கரம் இப்படிச் சும்மா சுற்றாமல் தடுக்கும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.