‘அனுப்பப்பட்டது’ என்று சொன்ன மின்னஞ்சல்கள்

சேர்வர்களைக் கண்காணிக்கும் ஸாபிக்ஸ் மென்பொருளை நிறுவியது, சேர்வர்களில் அதற்குத் தகவல் கொடுக்கும் ஏஜெண்ட் போட்டது, வரைபடங்கள் ஓடத் தொடங்கியது எல்லாம் ஒரு வரிக்கதை. இணையத்தில் நல்ல வழிகாட்டிகள் இருக்கின்றன, பார்த்துச் செய்யலாம். சேர்வர் விழுந்தால் ஒரு மின்னஞ்சல் வரவேண்டும் என்ற சின்ன ஆசைதான் என்னைப் படாதபாடு படுத்தியது.

நான் பராமரிப்பது யாழ்ப்பாணம் காங்கேசன்துறை வீதியில் உள்ள ஒரு கட்டடப்பொருள் வியாபாரத்தின் சேர்வரை. சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் கிளைகள். பில்லும் இருப்புக் கணக்கும் அந்த ஒரே பெட்டிக்குள். இரவில் அதன் டிஸ்க் நிரம்பிவிட்டால் காலையில் எல்லாக் கடையிலும் கையால் பில் எழுத வேண்டியதுதான். அதைப் பதிவேற்ற இரண்டு பேர் மாலைவரை இருப்பார்கள்.

“எங்கள் கடை விடயம் ஒன்றும் ஜிமெயிலுக்குள்ளால் போகக்கூடாது” என்பது முதலாளியின் முதல் நிபந்தனை. சரியென்று போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் போட்டு நேரடியாக அனுப்பப் பார்த்தால், ஒன்றும் வெளியே போகவில்லை. இணைப்பைச் சோதிக்கும் டெல்நெட் கட்டளையால் வெளியிலுள்ள எந்த மின்னஞ்சல் சேர்வரின் 25ஆம் போர்ட்டை, அதாவது சேர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சல் கொடுக்கும் கதவைத் தட்டினாலும் மௌனம். மறுப்புக்கூட வராமல் அப்படியே தொங்கி நின்றால் வழியில் யாரோ மறிக்கிறார்கள் என்று அர்த்தம்.

இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் கிளைக்குப் போனேன். டோக்கன் எடுத்து, காத்திருந்து, கவுண்டரில் விடயத்தைச் சொன்னேன். அங்கிருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “முகநூல் திறக்கிறதா தம்பி?”

“திறக்கிறது.”

“அப்படியென்றால் இணைப்பில் பிழையில்லை.”

25ஆம் போர்ட் என்று ஒரு தாளில் எழுதியே காட்டினேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். நான் அசையவில்லை என்று கண்டதும், நிறுவனக் கடிதத்தாளில் கோரிக்கைக் கடிதமும் வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதியும் வேண்டும் என்றார். இரண்டையும் கொண்டுபோன நாளில், கடிதத்தில் முதலாளியின் கையெழுத்துக்குக் கீழே இறப்பர் முத்திரை இல்லை என்று திருப்பிவிட்டார். முத்திரை வேண்டும் என்று முதல்நாளே சொன்னால் அவருக்கு என்ன குறைந்துவிடும்?

பிறகு அதே நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் தொலைபேசியில் அகப்பட்டார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: வைரஸ் பிடித்த கணினிகள் குப்பை அஞ்சல் அனுப்பாமலிருக்க, இந்த வகை இணைப்புகளில் 25 வெளியே போவதை மறித்து வைத்திருக்கிறார்கள், கடிதம் கொடுத்தாலும் திறக்கமாட்டார்கள், கணக்கோடு உள்நுழைந்து அஞ்சல் கொடுக்கும் 587ஆம் போர்ட் திறந்தே இருக்கிறது. இந்த மறிப்பு உலகெங்கும் பல நிறுவனங்கள் செய்வதுதான், அதில் எனக்குக் குறையில்லை. திறக்கவே மாட்டார்கள் என்றால் முத்திரை எதற்கு? ஆகவே, உங்களுக்கும் இதே நிலை என்றால் கவுண்டருக்குப் போகாதீர்கள். 587ஐத் தட்டிப் பாருங்கள், திறந்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்ற மறையாக்க வழியில் அனுப்புங்கள்.

முதலாளியும் இறங்கி வந்தார். கடைக்கு ஏற்கெனவே ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தது. (அதில் கடை விடயங்கள் நிறையவே போய்க்கொண்டிருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை.)

பழைய வழிகாட்டிகள் ‘பாதுகாப்புக் குறைந்த செயலிகளை அனுமதி’ என்ற சுவிட்சைப் போடச் சொல்லும். அதைத் தேடி அலையவேண்டாம்; 2022 மே 30 முதல் கூகுள் அந்த வழியை மூடத் தொடங்கிவிட்டது. இப்போது இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, அதன்பின் செயலிக்கென்று 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கவேண்டும்.

எங்கள் இடைஞ்சல், அந்தக் கணக்கைத் திறந்தவர் முதலாளியின் மகன், அவர் இருப்பது ரொறன்ரோவில். சரிபார்ப்புக் குறியீடு அவருடைய தொலைபேசிக்குத்தான் போகும். இங்கே கடை திறக்கும்போது அங்கே அவர் படுக்கப் போகிறார். ஒரு வழியாக இரவில் அவரைப் பிடித்து, அவரையே கடவுச்சொல்லை உருவாக்க வைத்து, வாட்ஸ்அப்பில் வாசிக்கச் செய்தேன். வாசித்ததில் ஐ எது, எல் எது என்று ஒரு சண்டை. அந்தக் கடவுச்சொல் ஒரே ஒரு தடவைதான் திரையில் தெரியும். வாசிக்க விடாதீர்கள், அப்படியே நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இடையிலுள்ள இடைவெளிகளை எடுத்துவிட்டுப் போடலாம்.

சோதனை மின்னஞ்சல் வந்தது. மகிழ்ச்சியில் தேநீர் குடித்துவிட்டு, டிஸ்க் நிறைவு எச்சரிக்கையை வேண்டுமென்றே கிளப்பிப் பார்த்தேன். திரையில் சிவப்பு எரிந்தது. மின்னஞ்சல் இல்லை.

ஸாபிக்ஸில் இது பலரைக் கடிக்கும் இடம். சோதனைப் பொத்தான் மீடியா டைப்பை, அதாவது அனுப்பும் வழியின் அமைப்பை மட்டும்தான் சோதிக்கும். உண்மையான எச்சரிக்கை வர இன்னும் பல கதவுகள் திறந்திருக்க வேண்டும்: நிர்வாகிகளுக்கு அறிவிக்கும் விதியான ஆக்‌ஷன் ஆயத்தமாகவே இருக்கும், ஆனால் நிறுவும்போது அணைந்திருக்கும். பெறுபவரின் பயனர் கணக்கில் அவருடைய முகவரி மீடியாவாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்த சேர்வர் இருக்கும் ஹோஸ்ட் குழுவை (கண்காணிக்கும் சாதனங்களின் தொகுப்பை) வாசிக்க அவருக்கு அனுமதி இல்லையென்றால் மின்னஞ்சலும் இல்லை, ஏன் இல்லை என்ற ஒரு சொல்லும் இல்லை. முதலாளிக்கென்று தனியாகத் திறந்த கணக்கு இந்தக் கடைசிக் கதவில்தான் நின்றது. அறிக்கைகள் பகுதியில் உள்ள ஆக்‌ஷன் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அங்கே உங்கள் பெயரில் வரியே இல்லையென்றால் சிக்கல் மின்னஞ்சலில் இல்லை, அனுமதியிலோ ஆக்‌ஷனிலோதான். ‘அனுப்பப்பட்டது’ என்று இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். ஜிமெயில் அதைக் கையில் வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருளுமில்லை. கணக்காளருக்குப் போனவை எல்லாம் அவருடைய குப்பை அஞ்சல் பெட்டிக்குள் கிடந்தன.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் திடீரென்று நின்றது. பதிவேட்டில் 535 என்ற பிழை, அதாவது கடவுச்சொல்லை ஏற்கவில்லை. ரொறன்ரோக்காரர் பாதுகாப்புக்காகக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். அதை மாற்றினால் செயலிக் கடவுச்சொற்களும் செத்துவிடும். எச்சரிக்கைக்கென்று தனிக்கணக்கு ஒன்று, உள்ளூர்த் தொலைபேசி எண்ணோடு, உடனேயே திறந்தேன்.

அடுத்தது மின்வெட்டு. யூபிஎஸ் சேர்வரைத் தாங்கியது, சாதனங்களை வலையமைப்பில் இணைக்கும் ஸ்விட்சைத் தாங்கவில்லை. ஸ்விட்சுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி எச்சரிக்கை. முதலாளியின் தொலைபேசி திருவிழா வெடிபோல ஓயாமல் அடித்தது. எச்சரிக்கையைக் கிளப்பும் நிபந்தனைதான் ட்ரிகர்; ட்ரிகர் சார்புநிலை என்று ஒன்று இருக்கிறது: ஸ்விட்ச் விழுந்திருந்தால் அதற்குப் பின்னாலுள்ளவை வாயைத் திறக்காது. கூடவே ஒரு படிக்கு ஐந்து நிமிடம் என்று வைத்து, முதல் படியில் யாருக்கும் அனுப்பாமல் இரண்டாம் படியிலிருந்து அனுப்பும்படி ஆக்‌ஷனை அமைத்தேன். ஐந்து நிமிடத்துக்குள் தானாகச் சரியாகும் சில்லறைச் சங்கதிகள் இப்போது யாரையும் எழுப்புவதில்லை.

இன்னொன்றை யாரும் எழுதிக் காணவில்லை. மின்னஞ்சல் போகாவிட்டால் ஸாபிக்ஸ் வழக்கமாக மூன்று தடவைதான் முயலும், 10 விநாடி இடைவெளியில். அதற்குள் இணையம் திரும்பாவிட்டால் அந்த எச்சரிக்கை தோல்வியென்று பதிவாகி அத்தோடு முடிந்தது. யாழ்ப்பாணத்து லைனுக்கு இது எந்த மூலைக்குப் போதும்? மீடியா டைப்பில் தடவைகளையும் இடைவெளியையும் கூட்டி வையுங்கள்.

அப்படியும், லைன் விழுந்திருக்கும்போதே அதை மின்னஞ்சலில் சொல்ல உள்ளேயிருக்கும் பெட்டியால் முடியாதே. அதற்காக வெளிநாட்டில் ஒரு மலிவான சிறு சேர்வரை வாடகைக்கு எடுத்தேன். கடைச் சேர்வர் அதற்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும்; குரல் வராவிட்டால் வெளியிலிருப்பது மின்னஞ்சல் அனுப்பும்.

அதைப் போட்ட பிறகு ஒரு மாலை, நான் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. முதலாளி நல்லூர்க் கோயில் வீதியிலிருந்து கதைத்தார்: “தம்பி, கடை லைன் போய்விட்டதாம், நீர் பார்த்தீரா?”