ஐஸ்லாந்து 2015: இதுவரை மூன்று படங்கள்

ஒரு சின்ன நாட்டில் ஒரே வருடத்தில் வந்த படங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஐஸ்லாந்தின் 2015-ஐ எடுத்துக்கொண்டேன். அப்போது அங்கே மக்கள்தொகையே சுமார் 3.3 லட்சம்தான்.

முதலில் கிரிமுர் ஹாகொனார்சனின் ‘ஹ்ரூதார்’. கிடாய்கள் என்று அர்த்தம். கான் திரைப்பட விழாவில் ‘அன் செர்டன் ரிகார்ட்’ பிரிவின் பரிசை வாங்கிய படம். கும்மியும் கிட்டியும் அண்ணன் தம்பி. பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் பேச்சுவார்த்தை நின்று 40 வருடம். சொல்லியே ஆகவேண்டிய சேதி என்றால் நாய் சீட்டைக் கவ்விக்கொண்டு போகும். அப்புறம் ஸ்க்ரேப்பி என்ற ஆட்டுநோய் வந்து, மந்தைகளையே கொல்லச் சொல்லி உத்தரவாகிறது.

ஒரு காட்சியை மூன்று தடவை பார்த்தேன். கிட்டி குடித்துவிட்டுப் பனியில் விறைத்துக் கிடக்கிறார். கும்மி ஜேசிபி மாதிரி ஒரு வண்டியின் பக்கெட்டில் அவரை அள்ளிக்கொண்டு போய், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். ஒரு வார்த்தை இல்லை. கோபமும் பாசமும் இப்படி ஒரே பக்கெட்டில் கிடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் சப்டைட்டிலை அணைத்துவிட்டு முழுப் படத்தையும் இன்னொரு முறை பார்த்தேன். வசனம் குறைவு என்பதால் கதை எங்கும் நழுவவில்லை. ஆட்டின் முதுகைத் தடவும் கைகளை அப்போதுதான் சரியாகக் கவனித்தேன்.

அடுத்து டாகுர் காரியின் ‘ஃபூசி’. நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவில் சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டும் இதற்குத்தான். 43 வயதிலும் அம்மாவோடு வாழும் ஒரு பெரிய உருவம். விமான நிலையத்தில் மூட்டை ஏற்றும் வேலை. உடன் வேலை செய்பவர்கள் அவனைச் சீண்டுவதைத் தாங்க முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் மீதி. நாயகனாக நடித்த குன்னார் யோன்சனின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ரூனார் ரூனார்சனின் ‘த்ரெஸ்டிர்’ ஸ்பெயினின் சான் செபஸ்தியான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிப்பியை வாங்கியது. பதினாறு வயதுப் பையன் தலைநகரிலிருந்து மேற்கு ஃபியோர்டுகள் என்ற, மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நீளும் பகுதியில் இருக்கும் அப்பாவிடம் அனுப்பப்படுகிறான். இங்கேயும் பேசத் தெரியாத ஆண்கள்தான். ரூனார்சன் என்றால் ரூனாரின் மகன். நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயர். ‘ஹ்ரூதார்’ படத்தில் கிட்டியாக நடித்த தியோடோர் யூலியுசன்தான் இந்த ரூனாரின் 2011 படத்துக்கு நாயகன் என்று தெரிந்ததும், ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம்.

அடுத்தது ‘பாக்’. காரைப் பின்னோக்கியே ஓட்டி நாட்டைச் சுற்றும் இரண்டு நண்பர்களின் கதை. அங்கே சுற்றுச்சாலை மட்டும் 1,300 கிலோமீட்டருக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், இதையும் முதல் தடவையே சப்டைட்டில் இல்லாமல்.