ஒட்டனூருக்கு முன்பே நின்ற படகு

தர்மபுரியில் இருந்துகொண்டு ஒகேனக்கல்லில் பரிசல் ஏறாத குடும்பம் அநேகமாக இருக்காது. ஆனால் அந்தப் பரிசல் சவாரி பாறைச் சுவர்களுக்கு நடுவே சற்று நேரம் சுற்றிவிட்டுத் திரும்புவதோடு முடிந்துவிடும். அருவியைத் தாண்டிய தண்ணீர் அதற்கப்புறம் எங்கே போகிறது என்பதைத் தண்ணீரின் மேலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று என் கணவர் வெகு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் 31 ஆண்டுகள் எஞ்சின்களைப் பிரித்து மாட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு காசி, ராமேஸ்வரம் என்று எல்லோரும் பட்டியல் நீட்டியபோது, மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் ஒரு முழுநாள் படகில் போனால் போதும் என்று அவர் சொன்னதைக் கேட்டு என் மருமகள் சிரித்தாள். செலவு குறைவு என்பதால் நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்த அணையில் 120 அடி தண்ணீர் நின்றால், நீர் பரந்து கிடக்கும் பரப்பு ஏறக்குறைய 59 சதுர மைல். அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் ஒரு பகுதி எங்கள் மாவட்டத்துக்குள்தான் வருகிறது. ஏரியூர்ப் பக்கத்து நாகமரைக்காரர்கள் எதிர்க்கரைப் பண்ணவாடிக்குப் படகில்தான் போய்வருகிறார்கள். சாலை வழியே போவதென்றால் மேச்சேரியைச் சுற்ற வேண்டும். நாங்கள் போட்ட திட்டம், நாகமரையில் ஏறி, பண்ணவாடிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, வடக்கே ஒட்டனூரைக் கடந்து, ஏரி குறுகி ஆறாகத் தொடங்கும் இடம் வரை போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது. மீன்பிடிக்கும் ஃபைபர் படகு ஒன்றை அதன் சொந்தக்காரரிடம் 3,000 ரூபாய்க்குப் பேசினோம். எண்ணெய்ச் செலவு அவருடையது, சோறு எங்களுடையது.

2025ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பனி முழுவதும் விலகவில்லை. பண்ணவாடிக்கு அருகே வந்ததும் படகுக்காரர் வேகத்தைக் குறைத்து, "அம்மா, நந்தி இப்ப நம்ம காலுக்குக் கீழ இருக்குது" என்றார். முந்தைய கோடையில் நீர்மட்டம் 50 அடிக்கும் கீழே இறங்கிக் கிடந்தபோது, வெடித்த சேற்றில் நடந்து போய் அந்த நந்தியின் பக்கத்தில் நாங்கள் நின்றிருக்கிறோம். அணைக்காகக் காலி செய்யப்பட்ட ஊரின் ஜலகண்டேஸ்வரர் கோயில் அது. சற்றுத் தள்ளி இரட்டைக் கோபுரத்தோடு ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயமும் இருக்கிறது. ஜூனில் வறண்டு கிடந்த அணை ஜூலை இறுதியில் 120 அடியைத் தொட்டுவிட்டது என்பதைச் செய்தியில் படித்தபோது தோன்றாத வியப்பு, அந்த இடத்தின் மேல் படகில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. நான் கையை நீரில் விட்டுப் பார்த்தேன், ஐஸ் போலிருந்தது.

அங்கிருந்து வடக்கே திரும்பி ஒரு மணி நேரம் போயிருப்போம். கரையோரம் மீனவர் குடிசைகளும், கவிழ்த்து வைத்த பரிசல்களும், மேலே வறண்ட குன்றுகளும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, என் கணவரோ முதுகைத் திருப்பிக்கொண்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த இடத்திலும் மனிதருக்கு எஞ்சின்தானா என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. திடீரென்று அவர் கையை உயர்த்தி, "தம்பி, நிறுத்துங்க, தண்ணி வரல" என்றார்.

அவர் சொன்ன தண்ணீர், படகின் பின்புறம் மாட்டியிருந்த அவுட்போர்டு எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சிறு துளையிலிருந்து நூல்போலப் பீச்சியடித்துக்கொண்டிருந்த தண்ணீர். அதைக் கழிவுநீர் என்று நினைத்திருந்த எனக்கு, அதுதான் எஞ்சினின் நாடித்துடிப்பு என்று பிறகு விளக்கினார். பேருந்தில் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒரே தண்ணீர்தான் சூடாகி, ஆறி, மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. படகு எஞ்சினுக்கு ரேடியேட்டரே கிடையாது. நீரில் முங்கியிருக்கும் அடிப்பாகத்தின் வழியே ஏரித் தண்ணீரை இழுத்து, எஞ்சினைச் சுற்றவிட்டு, வெளியே கொட்டிவிடுகிறது. அப்படி இழுத்து மேலே தள்ளுவது இம்பெல்லர் என்னும் கையளவு கூட இல்லாத ரப்பர்ச் சக்கரம். அதற்கு வழுவழுப்பும் தண்ணீர்தான் என்பதால், தண்ணீர் இல்லாமல் சில நிமிடங்கள் சுற்றினாலே ரப்பர் கருகிப் பிய்ந்துவிடுமாம். எங்கள் எஞ்சினின் உறிஞ்சு துளைகளை எங்கிருந்தோ மிதந்து வந்த பிளாஸ்டிக் பை ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. பையை எடுத்துவிட்டு மறுபடி கிளப்பியும் அந்த நூல் தண்ணீர் வரவில்லை. எஞ்சின் மூடியில் கை வைக்க முடியவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அந்த நாளின் முக்கியமான பகுதி. ஐந்து நிமிடம் ஓட்டி, பத்து நிமிடம் ஆறவிட்டு, அப்படியே ஒட்டனூர் வரைக்கும் போய்விடலாம் என்று படகுக்காரர் சொன்னார். வாங்கிய காசுக்கு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்ற பதற்றம் அவர் குரலில் இருந்தது. என் கணவர் மறுத்துவிட்டார். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் எஞ்சினே போய்விடும், ஒரு நாள் பயணத்துக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பணயம் வைக்க மாட்டேன் என்றார். வழியில் நின்ற எத்தனையோ பேருந்துகளை இரவோடு இரவாக எழுப்பி அனுப்பிய மனிதர், பிரிக்க வேண்டிய பாகம் தண்ணீருக்குள் இருக்க, மாற்றுப் பாகமும் இல்லாமல், மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். ஏரி முழுக்கத் தண்ணீர் இருந்தும் எஞ்சினுக்கு ஒரு வாய் கிடைக்கவில்லை என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை.

எஞ்சின் நின்ற பிறகு காற்றும் அலையும் மட்டும்தான் கேட்டன. இருந்த ஒரே துடுப்பைப் படகுக்காரர் போட்டுப் பார்த்தார். காற்று எதிர்த்து வந்ததால், கரையில் ஒரு பனைமரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பார்த்தபோது நாங்கள் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தோம். வலை எடுக்க வந்த பரிசல்காரர் ஒருவர் செய்தி சொல்லியனுப்ப, பகல் பன்னிரண்டரைக்கு ஒட்டனூர் துறையிலிருந்து ஒரு படகு வந்து கயிறு கட்டி எங்களை இழுத்துச் சென்றது. லைஃப் ஜாக்கெட் போட்டபடியே புளிச்சாதம் சாப்பிட்டோம்; இழுத்துப் போகப்படும் படகில் எதையும் ஓட்ட வேண்டியதில்லை என்பதால், என் கணவர் அப்போதுதான் முதன்முறையாகத் திரும்பிக் கரையைப் பார்த்தார்.

ஒட்டனூரில் இறங்கியதும் கிளம்பியிருக்கலாம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படகுக்காரரிடம் இருந்த ஸ்பேனர்களை வைத்தே எஞ்சினின் அடிப்பாகத்தைக் கழற்றி, அந்த ரப்பர்ச் சக்கரத்தை வெளியே எடுத்தார். ஆறு இதழ்களில் மூன்று இல்லை. பிய்ந்த துண்டுகள் மேலே தண்ணீர் போகும் வழியில் சிக்கியிருக்கும், அவற்றையும் எடுக்காமல் புதியதை மாட்டினால் இதே கதைதான் என்று இரண்டு முறை சொன்னார். பம்பின் உட்சுவரில் மணல் கீறிய கோடுகளைக் காட்டி, கரையோரச் சேற்றில் எஞ்சினை ஓடவிடாமல் தூக்கி வைக்கச் சொன்னார்.

படகுக்காரர் கூலியில் பாதிக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். மீதி 1,500 ரூபாயைப் புது இம்பெல்லர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி என் கணவர் அவருடைய சட்டைப்பையில் திணித்தார். பாதிப் பயணத்துக்கு முழுக் கூலி கொடுத்து, வேலையும் செய்துகொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது, ஏரியூர் தாண்டி பென்னாகரம் போகும் பேருந்தில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடியபோதுதான் எனக்கு உறைத்தது. அவரிடம் கேட்கலாம் என்று திரும்பினேன். அவர் ஓட்டுநருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அந்தப் பேருந்தின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.