கிராஃப்ட்ஸ்மேன் ராட்செட் ஒண்ண பிரிச்சு மேஞ்சது

பழைய டூல்ஸ் வாங்குற வியாதி இருக்கறவங்க மாசசூசெட்ஸ்ல, அதுவும் வூஸ்டர் பக்கம் குடியிருந்தா அது குணமாக வாய்ப்பே இல்ல. மேற்க கொஞ்ச தூரம் போனா பிரிம்ஃபீல்ட், வருஷத்துக்கு மூணு தடவ, மே, ஜூலை, செப்டம்பர்ல, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வயல் வயலா பழைய சாமான் சந்த போடுவாங்க. இந்த தடவ அங்க ஒரு பக்கெட்டுல துருப்புடிச்ச ஸ்பேனர் குவியலுக்கு அடியில இருந்து எடுத்தது தான் இந்த 1/2 இஞ்ச் கிராஃப்ட்ஸ்மேன் ராட்செட், அதாவது நட்டு மேல உக்கார்ற குப்பிய (சாக்கெட்) முனைல மாட்டி, கைய எடுக்காம முன்னும் பின்னும் ஆட்டியே திருப்புற கைப்பிடி. கைப்பிடில -வி-ன்னு முத்திரை, முதுகுல ஒரு பட்டன். பிடிக்க வேண்டிய பக்கம் சுத்துனாலும் சில நேரம் வழுக்குது, பட்டன அமுக்கினா அசையவே இல்ல. விக்கிறவர் "ஒர்க் ஆகாது"ன்னு சொல்லித்தான் குடுத்தாரு, நான் பேரம் கூட பேசல.

அந்த -வி- முத்திரைய பத்தி கொஞ்சம் சொல்லணும். கிராஃப்ட்ஸ்மேன்ங்கறது சியர்ஸ் கடையோட பிராண்ட், 1927ல பதிவு பண்ணது, ஆனா சியர்ஸ் சொந்தமா ஒரு ஸ்பேனர் கூட அடிச்சதில்ல, எல்லாமே வெளிய குடுத்து செஞ்சு வாங்குனது தான். யார் செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்க இந்த மாதிரி ஒத்த எழுத்து முத்திரை தான் துப்பு. வி-ன்னா ஸ்ப்ரிங்ஃபீல்ட்ல இருந்த மூர் டிராப் ஃபோர்ஜிங், அதாவது பிரிம்ஃபீல்டுக்கு பக்கத்து ஊரு மாதிரி தான். இது பொறந்து வளந்த ஏரியாவ விட்டு பெருசா எங்கயும் போகல போல. இப்ப அந்த கிராஃப்ட்ஸ்மேன் பேரே ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் கிட்ட இருக்கு, 2017ல வாங்கிட்டாங்க.

சரி, வேலைக்கு வருவோம். மூடித் தட்டுல ரெண்டு ஸ்க்ரூ. பழைய ராட்செட்ட பிரிக்கிறதுல பாதி வேலை இந்த ரெண்டு ஸ்க்ரூ தான், ஏன்னா அந்த தலை சின்னது, அதுக்குள்ள பல வருஷ அழுக்கு இறுகி கெடக்கும், அத தோண்டி எடுக்காம திருப்புளிய வச்சா பாதி ஆழம் தான் இறங்கும், திருப்பின உடனே தலை மழுங்கிடும், அப்புறம் டிரில் தான். அதனால முதல்ல ஊசி மாதிரி ஒரு கம்பிய வச்சு சுரண்டி எடுத்துட்டு, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் காருக்கு ஊத்துற ஆயிலும், அதான் ஏடிஎஃப், பாதிக்கு பாதி கலந்து சொட்டு சொட்டா விட்டு ராத்திரி முழுக்க விட்டுட்டேன் (பக்கத்துல நெருப்பு, ஹீட்டர் எதுவும் ஆகாது, அசிட்டோன் குப்புனு புடிச்சுக்கும்). காலைல தலைக்கு சரியா பொருந்துற பிட்ட வச்சு, பின்னால சுத்தியால ரெண்டு தட்டு தட்டிட்டு திருப்பினா சொன்ன பேச்சு கேட்டுச்சு.

தட்ட தூக்குறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் ஒரு பெரிய ஜிப்லாக் கவருக்குள்ள வச்சுக்கிட்டேன். உள்ள ஸ்ப்ரிங்கும் மிளகு சைஸுக்கு பால்ரஸ் குண்டும் இருக்கும், கராஜ் தரைல விழுந்தா அதோட முடிஞ்சுது.

உள்ள ஒண்ணும் உடையல! இத தான் நான் எல்லார் கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன், "ஒர்க் ஆகாத" ராட்செட்டுல பெரும்பாலானதுக்கு வியாதி காஞ்சு போன கிரீஸ் தான். நடுவுல பல்சக்கரம், பக்கத்துல பாவ்ல்னு சொல்ற ஒரு சின்ன இரும்பு நாக்கு, அத சக்கரத்துப் பக்கம் தள்ளி வைக்க ஒரு ஸ்ப்ரிங், அவ்ளோ தான் மெஷினே. ஒரு பக்கம் சுத்துனா நாக்கு பல்லு மேல ஏறி ஏறி குதிக்கும், அந்த கட கட சத்தம் அது தான், மறு பக்கம் சுத்துனா பல்லுல போய் முட்டி நிக்கும். கிரீஸ் காஞ்சு பழைய அரக்கு மாதிரி ஆயிட்டா ஸ்ப்ரிங்கால நாக்க தள்ள முடியாது, நாக்கு அரைகுறையா பல்ல தொட்டுட்டு நிக்கும், நாம பலம் குடுக்கும்போது பட்டுனு வழுக்கி விரல் மூட்டு எஞ்சின்ல போய் மோதும். கிரீஸ் தான, நெறைய வச்சா நல்லதுன்னு நெனைக்கிறவங்க தான் பாதி ராட்செட்ட கொன்னது.

மண்ணெண்ணெய்ல ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேச்சேன். கழுவுன தண்ணி கருப்பு டிகாஷன் தான். அப்புறம் லென்ஸ் வச்சு நாக்கோட முனையையும் பல்லு முனையையும் பாத்தேன், அது தான் முக்கியம், முனை உருண்டு போயிருந்தா எவ்ளோ சுத்தம் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல, வேற உள்பாகம் தேடணும். (ஒரு காலத்துல சியர்ஸ் கடைக்கு உடைஞ்ச ராட்செட்ட எடுத்துட்டு போனா பில்லு கூட கேக்காம வேற குடுப்பாங்க, இல்லன்னா உள்பாகம் மட்டும் ஒரு செட்டா குடுப்பாங்க. அது ஒரு பொற்காலம்.) என்னோடதுல முனை எல்லாம் கூர்மையா தான் இருந்துச்சு.

இனிமே பட்டன். சக்கரத்தோட நடுவுல, சாக்கெட் மாட்டுற சதுரக் கட்டை வழியா ஒரு குச்சி இறங்குது, அது மேல் முனை தான் நாம அமுக்குற பட்டன். சதுரத்தோட பக்கத்துல ஒரு ஓட்டைல குண்டு எட்டிப் பாக்கும். சாதாரணமா அந்த குச்சி குண்ட வெளிப்பக்கம் முட்டு குடுத்து வச்சிருக்கும், சாக்கெட் கழண்டு வராது. பட்டன அமுக்குனா குச்சில இருக்கற பள்ளம் குண்டுக்கு நேரா வரும், குண்டு உள்ள விழும், சாக்கெட் தானா கழண்டு கைல விழும். எண்ணெய் கையோட சாக்கெட்ட பிடுங்கி பாத்தவங்களுக்கு தான் இதோட அருமை தெரியும்.

இத யோசிச்சது பீட்டர் ராபர்ட்ஸ்னு 18 வயசு பையன், வருஷம் 1963, இங்க இருந்து வடக்க இருக்கற கார்ட்னர் ஊரு சியர்ஸ் கடைல வேலை. 1965ல பேடன்ட் கெடைச்சுது. சியர்ஸ் அவன் கிட்ட பேசி முடிச்ச கணக்கு, ஒரு ராட்செட்டுக்கு 2 சென்ட், மொத்தம் 10,000 டாலருக்கு மேல கெடையாது. கணக்கு போட்டு பாருங்க, அஞ்சு லட்சம் வித்த உடனே பையன் கணக்கு முடிஞ்சுது. ஆனா அடுத்த பத்து வருஷத்துல அவங்க வித்தது ஒரு கோடியே 90 லட்சம்! 1969ல கேஸ் போட்டாரு, தன்ன ஏமாத்திட்டாங்கன்னு, ஜூரியும் ஆமான்னு சொல்லுச்சு, ஆனா இழுத்தடிச்சு 1989ல தான் 82 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. கேஸ் ஆரம்பிச்சு இருபது வருஷம். நான் சுரண்டிட்டு இருந்த குச்சி அது தான், சுண்டு விரல் நீளம் கூட இல்ல.

அந்த குச்சி துருப்புடிச்சு ஓட்டையோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதான் அமுங்கல. சக்கரத்த மட்டும் இவாப்போ ரஸ்ட்னு கடைல விக்கிற துரு எடுக்கற திரவத்துல ஒரு நாள் போட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட வந்துருச்சு. வினிகர்ல போடாதீங்க, மலிவு தான், ஆனா ஆசிட் நல்ல இரும்பையும் திங்கும், கவனிக்காம விட்டா பல்லு முனை போயிடும். கரண்ட் வச்சு துரு எடுக்கற முறையும் குரோம் பூசுன சாமானுக்கு வேணாம்.

வெளிய இருந்த லேசான துருவுக்கு அலுமினியம் ஃபாயில கசக்கி தண்ணி தொட்டு தேச்சாலே போதும், குரோம விட ஃபாயில் மெத்து, அதனால கீறல் விழாது. யூடியூப்ல சாண்ட் பிளாஸ்ட் பண்ணி கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு -வி- முத்திரையவே தேச்சு அழிச்சுட்டு "ரெஸ்டோர்" பண்ணிட்டேன்னு சொல்றாங்களே, அதெல்லாம் எனக்கு வயித்தெரிச்சல். குழி விழுந்த எடம் அப்படியே இருக்கட்டும்.

திரும்ப பூட்டும்போது ரொம்ப லேசா, பல்லு மேல ஒரு படலம் மாதிரி மட்டும் சன்னமான கிரீஸ், நாக்குக்கு ரெண்டு சொட்டு ஆயில். இப்ப சத்தம் கணீர்னு இருக்கு. 36 பல்லு ராட்செட்டுனா ஒரு கிளிக்குக்கு 10 டிகிரி, இப்ப வர்ற 72 பல்லுல 5 டிகிரி தான், இடுக்குல புது காலத்து ராட்செட் தான் வசதி, அத ஒத்துக்கணும். வைஸ்ல ஒரு பெரிய போல்ட்ட புடிச்சு ரெண்டு திசையிலயும் நல்லா அழுத்தி பாத்துட்டு தான் கார் பக்கம் கொண்டு போனேன், பிரேக் கேலிபர் போல்ட் அலுங்காம வந்துச்சு.

வீல் நட்டுக்கு மட்டும் இத எடுக்கறதில்ல, அதுக்கு தனியா பிரேக்கர் பார் இருக்கு, உள்ள பல்சக்கரம் இல்லாத நீளக் கைப்பிடி. ராட்செட் கைப்பிடில பைப்ப சொருகி ஏறி மிதிக்கிற பழக்கம் உள்ள நண்பர் ஒருத்தர் இரவல் கேட்டாரு, அவருக்கு இல்லன்னு சொல்லிட்டேன்.